இரண்டு விளக்குகளுக்கு நடுவே

சொட்டு மருந்தின் கூச்சம் தீராமல், நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கண் மருத்துவமனை வாசலில் நின்ற ஓட்டுநரைச் சென்ற வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மருத்துவர் அவரிடம் அதிகம் பேசவில்லை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது, பக்கப் பார்வையும் சுருங்குகிறது, கண்ணாடி மாற்றிச் சரிசெய்யக்கூடிய கோளாறு அல்ல இது என்றார். பொழுது சாய்ந்த பிறகு வண்டியைத் தொடவே கூடாது என்றும், வேலை கொடுத்தவர்களிடம் அவரே சொல்லிவிடுவது நல்லது என்றும் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்.

ஓட்டுநர் யாரிடமும் சொல்லவில்லை.

பிஸ்கட் ஆலையின் ஊழியர் பேருந்தை அவர் இருபது வருடங்களுக்கும் மேலாக ஓட்டி வருகிறார். ஆலையில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவரும் இல்லை. பெரிய அதிகாரி முதல் வாயிற்காவலர் வரை அனைவருக்கும் அவர் 'டிரைவரண்ணன்'தான். உண்மையைச் சொன்னால் அந்த இருக்கையிலிருந்து இறங்க வேண்டும். சொல்லாவிட்டால், இன்று மாலை தொடங்கும் இரவு முறையில், பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டுக்குள் போக வேண்டும். சென்ற மாதம் எப்படியோ சமாளித்தார். முன்னால் ஒரு லாரி வரும்வரை ஓரமாக நின்று, அதன் சிவப்பு விளக்குகளைப் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். இன்றும் ஒரு லாரி வராமலா போய்விடும் என்று காலையிலிருந்து தமக்குத் தாமே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டிலோ அன்று விளக்குகளைப் பற்றித்தான் பேச்சு.

கூடத்துக்கும் அதையொட்டிய நடைக்கும் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டாயிற்று. வெள்ளைப் பலகை மேலே வழவழவென்று விரிந்திருந்தது. அதில் வட்டமாக வெட்டி, விளக்குகளைப் பலகைக்குள்ளேயே பதித்துவிட வேண்டும். எங்கே, எத்தனை, என்ன விளக்கு என்பதையெல்லாம் முடிவு செய்யும் பொறுப்பு மகளுடையது. அவள் ஒரு பெரிய துணிக்கடையில் காட்சிக் கண்ணாடிகளை அலங்கரிப்பவள். பொம்மைக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் சேலையின் கரை எடுப்பாகத் தெரியும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

வெட்டுவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று சொல்லி, திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். இரண்டு விளக்குகளை மட்டும் பலகையோடு தற்காலிகமாக ஒட்டி, கம்பியை நீட்டி, சுவிட்சைத் தட்டினாள். தரையில் இரண்டு வட்டங்கள் பளிச்சென்று விழுந்தன.

"அப்பா, அந்தக் கடைசிலேர்ந்து இந்தப் பக்கம் நடந்து வாங்க. முகத்துல நிழல் எப்படி விழுதுன்னு பார்க்கணும்."

"நான் என்ன உன் கடைப் பொம்மையா?"

"பொம்மையா இருந்தா சொன்னபடி நிக்கும். நடங்கப்பா."

முதல் வட்டத்தில் அவர் நிமிர்ந்து நடந்தார். அதன் விளிம்பைத் தாண்டியதும் தரை காணாமற்போயிற்று. எதிரே அடுத்த வட்டம் தெரிந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் இடையே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்காலில் முக்காலி ஒன்று ஓங்கி இடித்தது.

"இதை எவன் நடுவுல கொண்டாந்து போட்டது?"

"எவனும் போடல. நான்தான் போட்டேன்," என்றாள் மனைவி, சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே. "யானை மாதிரி கண்ணு முன்னாடி நிக்குது. ரோட்டுல எறும்பு போனாலும் பிரேக் போடுற மனுஷனுக்கு வீட்டுல முக்காலி தெரியலயாக்கும்."

மகள் சிரித்தாள். ஓட்டுநரும் சிரித்து வைத்தார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"இதெல்லாம் நமக்கு ஒத்து வராது பாப்பா. பழைய ட்யூப்லைட் ரெண்டையுமே மாட்டிடு. கூடம் பூரா ஒரே மாதிரி பளீர்னு இருக்கும்."

"அந்த ரெண்டும் தின்ற கரண்ட்டுல பாதி போதும்பா இதுக்கு. கூடத்துக்கு நாலு, நடைக்கு ரெண்டு. ஒவ்வொண்ணும் ஏழே ஏழு வாட்."

"ஏழு வாட்ல என்ன தெரியும்?"

"வாட்டுங்கிறது அது சாப்பிடுற அளவு. எவ்வளவு வெளிச்சம் குடுக்குதுன்னு லூமன்ல பார்க்கணும். வண்டி எவ்வளவு டீசல் குடிக்குதுன்னு கேட்டுட்டு, அதான் அதோட வேகம்னு சொல்லுவீங்களா?"

அவர் வேறு வழியாகச் சுற்றி வந்தார்.

"அப்ப நெருக்கி நெருக்கிப் போடு. ஆறுக்கு பதிலா பத்து."

"பத்து போட்டா மிச்சம் பண்றது எங்கப்பா? அதுவுமில்லாம இது குறுகலா விழுற விளக்கு. கடையில இப்படித்தான் போட்டிருக்கோம். நடுநடுவுல இருட்டு இருந்தாத்தான் துணி தூக்கலாத் தெரியும்."

"நாம இங்க துணி விக்கப் போறதில்லயே."

"அதுவும் சரிதான்," என்றாள் மனைவி. ஆனால் உடனே அண்ணாந்து பார்த்து, "இருந்தாலும் சினிமா தியேட்டர் மாதிரி நல்லாத்தான் இருக்கு. விட்டுடுங்க, சின்னப் பொண்ணு ஆசைப்படுறா," என்று கட்சி மாறிவிட்டாள்.

மகள் ஏணியில் ஏறி, பென்சிலால் ஆறு இடங்களில் பெருக்கல் குறியிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டாள். பின்னர் அரை நாள் வேலைக்குக் கடைக்குக் கிளம்பினாள். மனைவிக்கும் வெளியே ஏதோ வேலை இருந்தது. அவளும் அதே ஆலையில்தான், பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். அவளுக்கும் இன்று மாலை முதல் இரவு முறை. வந்து சற்றுப் படுத்து எழுந்தால்தான் முடியும் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

வீட்டில் ஓட்டுநர் தனித்து விடப்பட்டார்.

ஏணி விரித்தபடியே நின்றது. அதன் கடைசிப் படியில் பென்சில் இருந்தது.

அவர் திரைச்சீலைகளை விலக்கிவிட்டு, மேலே இருந்த குறிகளை நெடுநேரம் பார்த்தார். நாளை முதல் இந்தக் கூடத்தில் ஒவ்வொரு மாலையும் தாம் எப்படி நடப்போம் என்று எண்ணிப் பார்த்தார். இன்று முக்காலி, நாளை கதவு நிலை, அடுத்த நாள் மனைவி கையிலிருக்கும் சூடான பாத்திரம். முதல் நாள் சிரிப்பார்கள். பிறகு பார்ப்பார்கள். அப்புறம் பேசத் தொடங்கிவிடுவார்கள். வெளியே இருட்டை எப்படியாவது ஏமாற்றிவிடலாம். வீட்டுக்குள் இரண்டு பெண்களின் கண்களை ஏமாற்ற முடியாது. இருட்டே இல்லாத வீடாக இருந்துவிட்டால் தொல்லை இல்லை.

சாலையில் விளக்குக் கம்பங்களுக்கு இடையே தூரம் கூடும்போதெல்லாம், நடுவில் இன்னொன்று நட்டால் என்ன என்று அவர் பலமுறை நினைத்ததுண்டு. இங்கே நடுவதற்குக் கையில் பென்சில் இருந்தது.

ஏறினார். மகளின் குறிகளுக்கு நடுவே, அவள் போட்டது போலவே பெருக்கலும் வட்டமுமாக, நான்கு குறிகள் புதிதாகப் போட்டார். கீழே இறங்கி நின்று பார்த்தபோது எது அவளுடையது, எது தம்முடையது என்று அவருக்கே வேறுபாடு தெரியவில்லை. பென்சிலைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

சாப்பிடப் போயிருந்த சீலிங்காரர் திரும்பி வந்தார். ஒல்லியான மனிதர், பல வருடங்களாக அண்ணாந்தே வேலை பார்த்ததால் நேராகப் பேசும்போதும் சற்றுத் தலையைப் பின்னால் சாய்த்தே பேசுவார். வெட்டும் கருவியைக் கையில் எடுத்தவர், ஒரு குறியின் அடியில் நின்றார்.

"ஐயா, காலையில மேடம் ஆறுன்னுதானே சொன்னாங்க. இப்ப பத்து இருக்கே."

"மாத்திட்டா போல."

"இந்தா, இந்த எடத்துல பலகைக்கு மேல இரும்புச் சட்டம் ஓடுதுன்னு நினைக்கிறேன். அளந்துதான் போட்டாங்களா?"

அப்போது சொல்லியிருக்கலாம். இல்லை, அது நான் போட்டது, அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு கூடத் தேவையில்லை. சொன்னால், ஏன் போட்டீர்கள் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும்.

"அவ அளக்காம எதையும் செய்ய மாட்டா. வெட்டுங்க."

சீலிங்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஏறினார். வட்ட வாள் பலகைக்குள் இறங்கியது; மாவு போல வெள்ளைத் தூள் கொட்டியது. திடீரென இரும்பும் இரும்பும் உரசும் கூச்சல் கேட்டது. வாள் பிடிபட்டுத் திமிறியது. அவர் கையை எடுப்பதற்குள் பலகையில் ஒரு கீறல் கிளம்பி, மின்னல் கோடு போல நடைவரைக்கும் ஓடிற்று.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு," என்றார் சீலிங்காரர், மிகவும் மெதுவாக.

மகள் வந்தபோது வெயில் தணிந்திருந்தது. கைப்பையைக் கீழே வைக்காமலேயே அண்ணாந்து பார்த்தாள். பின்னாலேயே வந்த மனைவியும் பார்த்தாள். யாரும் குரலை உயர்த்தவில்லை.

"என்ன இது?"

"மேடம், குறி போட்ட எடத்துலதான் வெட்டினேன். மேல சட்டம்..."

"நான் ஆறு குறிதான் போட்டேன்."

"பத்து இருக்கு மேடம். நீங்களே எண்ணிப் பாருங்க."

"எண்ணித்தான் பார்க்கிறேன். நான் போயிட்டு வர்றதுக்குள்ள குட்டி போட்டுச்சா? கூடுதலா விளக்கு போட்டாக் கூடுதல் கூலின்னு நினைச்சீங்களோ?"

"அந்தப் புத்தியெல்லாம் எனக்குக் கிடையாது. ஐயாகிட்ட கேட்டுட்டுத்தான் கையை வச்சேன். ஐயாவே சொல்லட்டும்."

மூவரும் ஓட்டுநரைப் பார்த்தார்கள்.

"எனக்கு... வெட்டப் போறேன்னாரு. நான் சரின்னேன்," என்றார். சொன்னது பொய் அல்ல. ஆயினும் அதைக் கேட்ட சீலிங்காரர் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

மகள் கைப்பேசியை எடுத்து, சீலிங்காரரை அனுப்பிவைத்த ஒப்பந்தக்காரரை அழைத்தாள். உங்கள் ஆள் தன் இஷ்டத்துக்குக் குறி போட்டுப் பலகையைப் பிளந்துவிட்டார், நாளை வேறு ஆளை அனுப்புங்கள், எங்கள் கடைக்கும் இனி இவரை அனுப்ப வேண்டாம் என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தாள். சீலிங்காரர் குனிந்து கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார். எப்போதும் அண்ணாந்தே இருக்கும் அந்தக் கழுத்து குனிந்திருந்ததை ஓட்டுநர் பார்த்தார்.

"குறி போட்டது நான்."

மகளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்னப்பா?"

"அந்த நாலும் நான் போட்டது. அவர் கேட்டாரு, மேல சட்டம் இருக்கே, அளந்தாங்களான்னு. நீ அளந்துதான் போட்டேன்னு நான்தான் சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல." சீலிங்காரரிடம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க தம்பி."

சீலிங்காரர் நிமிர்ந்தார். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டுங்கய்யா. அந்த போனை மறுபடி போட்டு இதைச் சொல்லச் சொல்லுங்க. நாளைக்கு நான் வேற எடத்துல வேலைக்கு நிக்கணும்."

மகள் முகம் சிவந்து, மீண்டும் அழைத்தாள். தவறு தங்கள் பக்கம்தான் என்றும், அவரையே நாளை அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். சீலிங்காரர் தலையசைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கதவு சாத்திய பிறகுதான் அவள் தந்தை பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சண்டை போட்டிருக்கலாமே. திருட்டுத்தனமா ஏணியில ஏறி... இந்த வயசுல."

"இருட்டா இருந்துச்சு பாப்பா."

"எங்க?"

"ரெண்டு விளக்குக்கு நடுவுல."

"அங்க வெளிச்சம் இருக்கேப்பா. கம்மி, ஆனா இருக்கு."

"எனக்கு இல்ல."

மகள் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக மூடினாள். காலையில் ஒட்டியிருந்த இரண்டு விளக்குகளையும் போட்டாள். ஒரு வட்டத்தில் தந்தையை நிறுத்திவிட்டு, தான் நடுவில் போய் நின்றாள்.

"என் கையில என்ன இருக்கு?"

அவர் பார்த்தார். மகளின் குரல் வந்த திசை தெரிந்தது. கை தெரியவில்லை.

"போனா?" என்றார்.

"நான் கையை நீட்டவே இல்லப்பா," என்றாள் அவள். "அம்மா, நீ எங்க நிக்கிற? உனக்கு என்னைத் தெரியுதா?"

"தெரியுதே. நீ அழறது வரைக்கும் தெரியுது," என்றாள் மனைவி.

அதன் பிறகு அவர் மறைக்கவில்லை. மருத்துவர் சொன்னதை, சொன்ன வரிசையிலேயே சொன்னார். சொல்லி முடித்ததும் மகள் கேட்கும் முதல் கேள்வி தம் கண்ணைப் பற்றியதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார்.

"இன்னைக்கு ராத்திரி வண்டி?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டே..."

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?"

ஓட்டுநர் கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரமாயிற்று. மறுமுனையில் ஆலையின் போக்குவரத்து மேற்பார்வையாளர் வழக்கமான குஷியோடு பேசினார்.

"சொல்லுங்க டிரைவரண்ணே. என்ன, வண்டி எடுத்தாச்சா?"

"எடுக்கல சார். இன்னைக்கு எடுக்கலை. இனிமே ராத்திரியில எடுக்க முடியாது. எனக்குக் கண்ணு தெரியல."

வேறு வார்த்தைகளைத்தான் தயார் செய்து வைத்திருந்தார். வாய்க்கு வந்தது அவ்வளவுதான்.

பிறகு மேற்பார்வையாளர் பேசியபோது குஷி போயிருந்தது. வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். "காலையில மேனேஜரை வந்து பாருங்கண்ணே. இது எப்பயிலேர்ந்துன்னு அவர் கேப்பாரு. நல்லா யோசிச்சு வச்சுக்குங்க," என்று சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஓட்டுநர் கைப்பேசியை மடியில் போட்டுக்கொண்டார். பெரிய பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. மகள் வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

மனைவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எப்பயிலேர்ந்து?"

"அது கொஞ்சம் கொஞ்சமா..."

"போன மாசம் நைட்டு ஷிப்டு முடிஞ்சு, விடியறதுக்கு முன்னாடி உங்க வண்டியிலதான் வந்தேன். மாசம் பூரா. அப்பவுமா?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. மருத்துவரிடம் போனது சென்ற வாரம்தான். அதற்கு முன் எனக்கு எதுவுமே தெரியாது என்று சொன்னால் அதை மறுக்க ஆள் கிடையாது. மகளின் கை தோளில் கனத்தது.

"அப்பவும்தான்," என்றார். "லாரி லைட்டைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

"நான் தூங்கிக்கிட்டு வந்தேன்," என்றாள் மனைவி. அவரிடம் சொன்னது போலவே இல்லை. "மத்தவங்க எல்லாம் முழிச்சுக்கிட்டு வருவாங்க. நீங்க எல்லாரும் தூங்குங்கடி, எங்க வீட்டுக்காரர் ஓட்டுறாருன்னு நான்தான் சொல்லுவேன். பக்கத்துல அந்தக் கர்ப்பிணிப் பொண்ணு. அவளையும் என் தோள்ல சாய்ச்சுத் தூங்க வச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"ஒண்ணும் ஆகலயே..."

"ஒண்ணும் ஆகலைங்கறதை நீங்க சொல்லாதீங்க."

அவள் அறைக்குள் போனாள். கதவு அறையப்படவில்லை, மெதுவாக, கொக்கி விழும் ஓசை மட்டும் கேட்கும்படி மூடப்பட்டது. வேலைக்குக் கிளம்பத்தான் போயிருப்பாள் என்று மகள் முணுமுணுத்தாள். ஆனால் புடைவை சரசரக்கவில்லை, அலமாரி திறக்கவில்லை.

ஓட்டுநர் எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே போய்க் கதவருகில் நின்றார்.

"நான் வரட்டுமாம்மா?"

உள்ளிருந்து கொக்கி எடுபடும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினார். சீலிங் வேலைக்காகக் கூடத்துச் சாமான்களையெல்லாம் அந்த அறையில்தான் அடுக்கியிருந்தார்கள். பீரோ ஜன்னலை அடைத்து நின்றது. உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. அவளுக்கு அது அரையிருட்டாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு ஒன்றுமே இல்லை.

"லைட்டைப் போடேன்," என்றார்.

அவள் போடவில்லை.

"இப்படித்தான் இருந்துச்சா?" என்று அவள் குரல் கேட்டது. "என்னை வச்சு ஓட்டிட்டு வந்தப்போ, இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான்."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, ஓட்டுநர் அந்தக் குரலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். ஏதோ மரச்சாமான் விரலில் தட்டியது. அதைச் சுற்றிக்கொண்டு இன்னோர் அடி வைத்தார். அவள் மூச்சு விடுவது கேட்டது. அது வலப்பக்கமா இடப்பக்கமா என்று நிதானிக்க முடியவில்லை. இந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை. நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை.